யூ12டி, ஐஇ 900, இசட்1ஆர்: மிருதங்கத்தின் இரண்டு தலையும் எதில் சரியாகக் கேட்கிறது?

வலந்தலை:

நண்பர் ஒருவர் தன்னிடம் இருக்கும் மூன்று ஐஇஎம்களை (காதுக்குள் செருகும் இயர்போன்களை) இரண்டு வாரத்துக்கு என்னிடம் கொடுத்திருக்கிறார். 64 ஆடியோவின் யூ12டி, சென்ஹைசர் ஐஇ 900, சோனியின் ஐஇஆர் இசட்1ஆர். இதில் ஒன்றைத்தான் நான் வாங்கப் போகிறேன். அதற்கே இரண்டு வருடம் பணம் சேர்த்திருக்கிறேன். அதனால் நிதானமாகக் கேட்டு, தோன்றியதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்தேன். முதல் வாரம் முடிந்துவிட்டது. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தயங்காமல் சொல்லுங்கள்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: யூ12டி 2018ல் வந்தது, காதுக்கு 12 பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர்கள் (டிரைவர் என்றால் உள்ளே ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர், ஆர்மேச்சர் அதில் ஒரு வகை), 1999 டாலர். ஐஇ 900 2021ல் வந்தது, ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் (சாதாரண ஸ்பீக்கர் போலச் சவ்வு அதிரும் வகை), அறிமுக விலை 1299 டாலர். இசட்1ஆர் 1700 டாலர் பக்கம், அதில் 12 மில்லிமீட்டர் டைனமிக் ஒன்று, ஆர்மேச்சர் ஒன்று, உச்ச ஒலிகளுக்கு 5 மில்லிமீட்டர் டைனமிக் ஒன்று. மூன்றும் மூன்று வழி.

நான் கேட்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள். சின்ன வயதில் ஆறு வருடம் மிருதங்கம் கற்றேன், அதனால் காது முதலில் அங்கேதான் போகும். ஐஇஎம்மைச் சோதிக்க அதைவிட நல்ல வாத்தியம் எனக்குத் தெரியவில்லை. காரணம், அது ஒரே உடம்பில் இரண்டு வாத்தியம். வலது பக்கத் தலையான வலந்தலையின் நடுவில் கறுப்பாகக் கரணை என்ற பூச்சு போட்டிருக்கும். சாதாரண முரசில் மேலெழும் ஒலிகள் ஒன்றோடொன்று சேராமல் சத்தமாகப் போய்விடும். கரணையின் எடை தோலின் அதிர்வுகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, தந்தி வாத்தியம் போல வரிசையான ஹார்மோனிக்குகளைத் தருகிறது. இதை விளக்கியவர் சி.வி. ராமன்தான். 1920லேயே குறிப்பு எழுதி, 1934ல் விரிவான கட்டுரையும் வெளியிட்டார். ஆக, சாப்பு என்ற வலந்தலை அடி ஒன்று விழுந்தால் அது அடி மட்டும் இல்லை, ஒரு சுரம். இடது தலையான தொப்பியின் பக்கம் கதையே வேறு. கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். கீழ் ஒலியும், உள்ளங்கையை அழுத்தி இழுக்கும் கும்கியும் அங்கிருந்து வருபவை.

என் நோட்டிலிருந்து:

ஐஇ 900: தொப்பி அபாரம். கும்கி ஒரு கோடு போல வளைந்து ஏறுவது தெரிகிறது. தோலின் மேல் கை உராய்வது வரை கேட்கிறது. ஆனால் பாடகியின் குரல் ஒரு வரிசை பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாப்பின் முதல் கீற்று பளிச்சென்று வருகிறது, பின்னால் வரும் நாதம் கொஞ்சம் மெலிவு.

யூ12டி: சாப்பு இங்கேதான் சுரமாகக் கேட்கிறது. தம்புராவோடு அது சேருகிறதா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். குரல் இயல்பாக, சூடாக இருக்கிறது. தொப்பி நிறைவாக இருந்தாலும் வட்டமாக இருக்கிறது, தோலின் சொரசொரப்பு குறைவு.

இசட்1ஆர்: முதல் நிமிடம் அசந்துவிட்டேன். மேடையில் மிருதங்கத்துக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்த மாதிரி. மூன்றில் பிரமாண்டம் என்றால் இதுதான். உச்ச ஒலிகளில் ஒரு மினுமினுப்பு இருக்கிறது, கஞ்சிராவின் சலங்கைத் தகடுகள் தனியாகத் தெரிகின்றன.

இப்போதைக்கு மனம் இசட்1ஆர் பக்கம் சாய்கிறது. என்ன சொல்கிறீர்கள்?


பழைய கேசட்:

அருமையான பதிவு. ஒரு கேள்வி மட்டும். 2022ல் வந்த ட்ரூத்இயர் ஜீரோ 50 டாலர்தான். பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும் ஒலிச் சமநிலை என்று சொல்லும் ஹார்மன் டார்கெட்டை ஒட்டியே டியூன் செய்திருக்கிறார்கள். கிராஃபைப் பார்த்தால் இந்த மூன்றைவிட அதுதான் டார்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்படியானால் மீதி 1250 டாலருக்கு நமக்கு என்ன கிடைக்கிறது? சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


ஒரு ஓம்:

வலந்தலை, இரண்டு விஷயம் தெரியாமல் உங்கள் முடிவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எதில் செருகிக் கேட்டீர்கள்? மூன்றையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டீர்களா?

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே காதுக்கு அது ‘சத்தம் அதிகம்’ என்று தோன்றாது. ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் தோன்றும். பேஸ் நிறைவாகவும் உச்சம் தெளிவாகவும் தெரியும். ‘முதல் நிமிடம் அசந்துவிட்டேன்’ என்று படித்ததுமே எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

அடுத்தது சோர்ஸ், அதாவது ஐஇஎம்மைச் செருகும் கருவி. பல டிரைவர் உள்ள ஐஇஎம்களில் இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்கான தடை) எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருக்காது. கணக்குக்காக, ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 32 ஓம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் 10 ஓம் என்றால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 4.7 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். ஆம்ப் 1 ஓம் என்றால் அதே வித்தியாசம் முக்கால் டெசிபல்தான். ஒரே ஐஇஎம்தான், ஆனால் கேட்பது இரண்டு வேறு டியூனிங். 2016ல் வந்த கேம்ப்ஃபயர் ஆண்ட்ரோமெடா இதற்குப் பேர்போனது. அதை வைத்து இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும், ஏனென்றால் சோர்ஸ் வேறு. யூ12டியில் இம்பிடன்ஸைச் சீராக்க ஒரு சுற்று வைத்திருக்கிறார்கள். ஐஇ 900ல் ஒரே டைனமிக் டிரைவர் என்பதால் பெரிதாக அலையாது.

பழைய கேசட், உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். நல்ல கேள்வி.


சிங்கை இரவு:

இசட்1ஆர் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். இங்கே சிங்கப்பூரில் அடெல்ஃபி கட்டடத்தில் ஆடியோ கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே போய் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. கேன்ஜாம் சிங்கப்பூர் ஹெட்போன் கண்காட்சியிலும் பக்கத்தில் மற்றதை வைத்துக்கொண்டு கேட்டேன். நான் கேட்பது நாகசுரமும் தவிலும். தவில் நாலு சுவருக்குள் அடங்கும் வாத்தியம் இல்லை. கோயில் வெளிப்பிராகாரத்தில் நின்றால் அது மார்பில் வந்து இடிக்கும். அந்த இடியின் ஒரு பங்காவது காதுக்குள் வர வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்து இசட்1ஆர்தான். யூ12டியில் தவில் மிகவும் அடக்கமாகிவிடுகிறது.

எம்பயர் இயர்ஸ் ஓடினையும் கேட்டேன். 3399 டாலர், 11 டிரைவர், அதில் நான்கு எலக்ட்ரோஸ்டாட்டிக். நாகசுரத்தின் சீவாளி காற்று தெரியும் அளவுக்கு நுணுக்கம். ஆனால் மேல் மிட்ஸ் (நடு ஒலிகளின் மேல் பகுதி) முன்னால் நிற்பதால், அரை மணி நேரம் நாகசுரம் கேட்டதும் எனக்குக் காது களைத்துவிட்டது. 999 டாலருக்கு வந்த தீஆடியோ மோனார்க் எம்கே2 அதைவிட நிதானமாக இருந்தது. சப்பேஸ் (மிகக் கீழ் ஒலி) தூக்கல் இருந்தும் குரல் மீது ஏறவில்லை.

ஆனால் ஒன்று, இசட்1ஆரின் உடம்பு பருமன். முகப்பில் கைக்கடிகார வேலைப்பாடு மாதிரி சின்னச் சின்ன வட்டங்கள் அழகாக இருக்கும், அதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. சின்னக் காது உள்ளவர்கள் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். சரியாக அடைக்காவிட்டால் அந்த பேஸ் முழுக்கப் போய்விடும்.


மிக்ஸிங் மேசை:

தம்பி வலந்தலை, நான் இருபது வருடமாகக் கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பவன். நீங்கள் சோதனைக்கு எடுத்த பதிவுகள் எவை என்று சொல்லவில்லையே.

இது ஏன் முக்கியம் என்றால், இன்றைய சபா பதிவுகளில் தொப்பிக்கு நாங்களே மேசையில் பேஸ் ஏற்றியிருப்போம். மைக் தோலுக்கு நாலு விரல் பக்கத்தில் நிற்கும். அந்த நெருக்கத்தில் கீழ் ஒலி தானாகவே பெருகும், அதற்கு மேல் அரங்கத்துக்காக இன்னும் கொஞ்சம் கூட்டுவோம். அந்தப் பதிவை இசட்1ஆரில் கேட்டால் தூக்கலின் மேல் தூக்கல். அதை மிருதங்கத்தின் நாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே ஐஇஎம்மில் ஒரு பழைய மோனோ வானொலிப் பதிவைப் போடுங்கள், தொப்பியே சரியாகப் பதிவாகாத காலத்துப் பதிவு. அங்கே இசட்1ஆரின் தூக்கல் உதவியாக இருக்கும். புதிய பதிவு ஒன்று, பழைய பதிவு ஒன்று, ஒலிபெருக்கி இல்லாமல் வீட்டுக் கூடத்தில் எடுத்தது ஒன்று, இப்படி மூன்று வகையிலும் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

எனக்கு அளவுகோல் இன்றைக்கும் எட்டிமோடிக் ஈஆர்4 தான். 1991ல் வந்தது, ஒரே ஒரு ஆர்மேச்சர். மூன்றடுக்கு ரப்பர் டிப்பைக் காதுக்குள் ஆழமாகச் செருக வேண்டும், முதல் நாள் எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். பேஸ் தூக்கல் கிடையாது. எதையும் அழகுபடுத்தாது. மேடையில் ஒரு குரல் கரகரத்தால் அது தொண்டையா, கேபிளா என்று அதில் எனக்குத் தெரிந்துவிடும். உட்கார்ந்து ரசிக்க நான் அதை எடுப்பதில்லை, அது வேறு விஷயம்.

இந்த ஐஇஎம் வகையே மேடைக்காகப் பிறந்ததுதான். 1995ல் வான் ஹேலன் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக ஜெர்ரி ஹார்வி செய்து கொடுத்ததிலிருந்து அல்டிமேட் இயர்ஸ் வளர்ந்தது. மேடைச் சத்தத்தை வெளியே நிறுத்த வேண்டும், தன் வாத்தியம் தனக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த அடைப்பு அவ்வளவு தேவையில்லை. அதனால் யூ12டியோடு வரும் ஏபெக்ஸ் மாட்யூல்களை (கழற்றி மாட்டும் சின்னத் துண்டுகள்) மாற்றிப் பாருங்கள். எம்20 என்பது 20 டெசிபல் அடைக்கும், பேஸ் கூடுதல். எம்15 போட்டால் அடைப்பு 15 டெசிபல், பேஸ் கொஞ்சம் இறங்கும், காதில் அழுத்தமும் குறையும். உங்களுக்குத் தொப்பி வட்டமாகத் தெரிந்தது என்றால் எம்20 போட்டிருந்தீர்கள் என்றே நினைக்கிறேன்.


வலந்தலை:

மிக்ஸிங் மேசை அண்ணா சொன்னது சரி, எம்20தான் போட்டிருந்தது. கேட்டது முழுக்கப் புதிய சபா பதிவுகள். ஒரு ஓம் கேட்டதற்கும் பதில்: மேசை மேல் இருக்கும் பழைய ஆம்ப்தான், தேடிப் பார்த்தால் அவுட்புட் இம்பிடன்ஸ் 10 ஓம் என்று போட்டிருக்கிறது. சத்தத்தைக் காதால் நிதானித்து வைத்தேன், அளக்கவில்லை.

முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டில் எப்படி அளப்பது என்று சொல்லுங்கள்.


ஒரு ஓம்:

சுலபம்தான். டிப் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய்த் துண்டு எடுங்கள். ஒரு முனையில் ஐஇஎம், மறு முனையில் போன் மைக். 500 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, மூன்றும் மீட்டரில் ஒரே எண் காட்டும்படி வால்யூமைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை வைத்து கிராஃப் போட முடியாது, ஆனால் சத்தத்தைச் சமன்செய்ய இது போதும். ஆம்பை ஓரம் வையுங்கள். ஆப்பிளின் சின்ன டாங்கிளே (போனில் செருகி இயர்போன் மாட்டும் இணைப்பு) போதும், அதன் அவுட்புட் இம்பிடன்ஸ் ஒரு ஓம் அளவுதான். இந்த மூன்றுக்கும் அதன் சக்தியே அதிகம்.

இப்போது பழைய கேசட்டுக்கு. ஹார்மன் டார்கெட் என்பது ஷான் ஓலிவ் குழு பலரை உட்கார வைத்துக் கேட்டு, பெரும்பாலானவர்களுக்குப் பிடித்த சராசரியை எடுத்தது. 2019 இன்இயர் வடிவத்தில் கீழ் பேஸ் நன்றாகத் தூக்கி, 200 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கம் மெலிந்திருக்கும். மேற்கத்திய பாப்புக்கு அது பொருந்துகிறது. நம் கச்சேரியில் ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண்குரலின் ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலின் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அதாவது பாட்டின் அடித்தளமே அந்த மெலிந்த இடத்தில் இருக்கிறது. எல்லோருக்குமான சராசரி உங்கள் இசைக்கும் சரியாக இருக்க வேண்டும் என்று இல்லை.

இன்னொன்று, கிராஃபை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது. அது பெரும்பாலும் ஐஇசி 60318-4 என்ற கப்ளரில் (காதைப் போலச் செய்த அளவுக் கருவி) எடுப்பது, நம்மவர்கள் ‘711’ என்று சொல்வது. காதுக்குழாயின் ஒத்ததிர்வு அதில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முகடாகத் தெரியும். ஐஇஎம்மை ஆழமாகச் செருகினால் அந்த முகடு மேலே நகரும், வெளியே இழுத்தால் கீழே இறங்கும். உங்கள் காதில் அது எங்கே விழுகிறது என்று எந்த கிராஃபும் சொல்லாது. தம்புராவின் ஜீவாளி ரீங்காரம் எழும்பும் பகுதியும் அங்கே வரை போகிறது. ஒருவர் காதில் தேனாக இருக்கும் தம்புரா இன்னொருவர் காதில் கம்பியால் கீறுவது போலக் கேட்பது இதனால்தான். வலந்தலை, ஐஇ 900க்கு ஒரு அளவு சின்ன டிப் போட்டு உள்ளே தள்ளிக் கேட்டுப் பாருங்கள்.

50 டாலரும் 1300 டாலரும் ஒன்றா என்றால், டோனில் மிக அருகில் வந்துவிட்டார்கள், அதை மறுக்க மாட்டேன். மிச்சம் இருக்கும் வித்தியாசத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்பது அவரவர் பை.


சிங்கை இரவு:

200 ஹெர்ட்ஸ் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. மோனார்க்கில் ஆண்குரல் ஏன் கொஞ்சம் மெலிவாகத் தெரிந்தது என்று இப்போது புரிகிறது. இசட்1ஆரை மட்டும் விட மாட்டேன்.


வலந்தலை:

இரண்டாவது வாரம் முடிந்தது. நாளை மூன்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சத்தம். ரப்பர் குழாய் வைத்துப் பார்த்தால், போன வாரம் நான் வைத்திருந்த அளவில் இசட்1ஆர் மற்ற இரண்டையும்விட 3 டெசிபலுக்கு மேல் கூடுதலாக ஓடியிருக்கிறது. சமன்செய்த பிறகு அந்த பிரமாண்டம் பாதியாகிவிட்டது. இன்னும் அது பெரிய ஒலிதான். தவிலுக்கு சிங்கை இரவு அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, நானும் போட்டுப் பார்த்தேன், மற்ற இரண்டும் பக்கத்தில் வரவில்லை. ஆனால் புதிய சபா பதிவுகளில் ஆண்குரலின் கீழ் ஸ்தாயி மேல் தொப்பி வந்து படர்கிறது. எனக்கு அது ஒத்துவராது.

யூ12டியில் எம்15 மாட்யூல் போட்டதும் தொப்பி சுருங்கி ஒழுங்காகிவிட்டது. காதில் இருந்த அடைப்பு உணர்வும் போய்விட்டது, இரண்டு மணி நேரம் போட்டிருந்தேன். ஒரு பழைய மோனோப் பதிவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ராகம் முடிந்து பல்லவி தொடங்கும் முன், மிருதங்கக்காரர் வலந்தலையின் தோல் மூட்டைக் கல்லால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒரு சாப்பு போட்டுப் பார்க்கிறார். முதல் சாப்பு தம்புராவுக்கு ஒரு மயிரிழை கீழே இருக்கிறது. இன்னொரு தட்டு. அடுத்த சாப்பு ஷட்ஜத்தில் போய்ச் சரியாக உட்கார்கிறது. இருபது வருடமாகக் கேட்டுவரும் பதிவு அது. அந்த மயிரிழை எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்கே யூ12டி என்று முடிவு செய்துவிட்டேன். மறுநாள் ஐஇ 900ல் ஒரு அளவு சின்ன டிப் போட்டு ஆழமாகச் செருகினேன். தம்புராவில் இருந்த கீறல் மறைந்தது, அது ஒரு ஓம் சொன்னபடியே. பிறகு ஒரு முழுக் கச்சேரிப் பதிவைப் போட்டேன், வீட்டுக் கூடத்தில் ஒலிபெருக்கி அமைப்பு எதுவும் இல்லாமல் எடுத்தது. முதல் பாட்டில் தொப்பி ஈரமாக, கனமாக இருக்கிறது. ஒரு மணி நேரம் போகப் போக ரவை காய்கிறது, கும்கி மெல்ல மெல்ல வறண்டு மேலே ஏறுகிறது. தனியாவர்த்தனத்துக்கு முன்னால் வயலின் வாசிக்கும் நேரத்தில் அவர் விரலால் தண்ணீர் தொட்டு ரவையில் தடவுகிறார். அந்த ஈரத் தடவல், ஒரு சின்ன ‘சர்ர்’ என்ற ஒலி, ஐஇ 900ல் கேட்டது. அடுத்த அடியில் தொப்பி மறுபடி கனத்துவிட்டது. நான் என் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து ரவை பிசைந்து கொடுத்த நாட்கள் அப்படியே வந்து நின்றன. அதே இடத்தை யூ12டியில் மூன்று முறை போட்டேன். தெரியும், ஆனால் தேடினால்தான் தெரியும்.

ஆக, ஒன்று வலந்தலைக்கு, ஒன்று தொப்பிக்கு. அப்புறம் ஐஇ 900ல் ஈக்யூ (ஒலிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) போட்டுப் பார்த்தேன். குரல் பின்னால் இருப்பது 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துத் தாழ்வால்தான் என்று தோன்றியது. அங்கே கொஞ்சம் தூக்கியதும் பாடகி முன் வரிசைக்கு வந்துவிட்டார். சாப்பின் நாதமும் தேறியது. யூ12டி அளவுக்கு இல்லை, முக்கால்வாசி என்று சொல்வேன். மறுபக்கம், யூ12டியில் எந்த ஈக்யூ போட்டும் அந்த ஈரத் தடவலை எனக்கு முன்னால் கொண்டுவர முடியவில்லை.

ஐஇ 900 வாங்குகிறேன். மிச்சமாகும் 700 டாலரில் வலந்தலை மூட்டு மாற்றி, பரணில் கிடக்கும் என் மிருதங்கத்தைக் கீழே இறக்கப் போகிறேன்.


மிக்ஸிங் மேசை:

நல்ல முடிவு தம்பி. ஐஇ 900ன் கேபிள் சாக்கெட் உள்வாங்கியது, எம்எம்சிஎக்ஸ் இணைப்பான் உள்ள எல்லா கேபிளும் அதில் பொருந்தாது. மாற்றுக் கேபிள் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். மூட்டு மாற்றிய பிறகு ஒரு சாப்பு பதிவு செய்து இங்கே போடுங்கள்.


ஒரு ஓம்:

‘ஈக்யூவால் கொண்டுவர முடியவில்லை’ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் காதுக்குள் யூ12டியின் வளைவு எப்படி விழுகிறது என்று அளக்க முடிந்தால் முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் வீட்டில் அதை அளக்க வழி இல்லை. அதனால் உங்கள் முடிவில் குறை சொல்ல மாட்டேன்.


பழைய கேசட்:

வலந்தலை, அந்த ஈக்யூ அளவைக் கொடுக்க முடியுமா? என் தம்பியிடம் ஐஇ 900 இருக்கிறது. இன்று ராத்திரியே போட்டுப் பார்க்கிறேன்.


வலந்தலை:

2.8 கிலோஹெர்ட்ஸில் 2.5 டெசிபல் தூக்கல், கியூ (தூக்கலின் அகலம்) 1. ப்ரீஆம்பை (ஈக்யூவின் மொத்தச் சத்த அளவு) 3 டெசிபல் இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் தனியாவர்த்தனத்தில் உடையும். டிப்பைச் சரியாகச் செருகிய பிறகு ஈக்யூவைத் தொடுங்கள், முதலில் அது. பெண்குரல் பதிவு ஒன்றில் ஆரம்பியுங்கள்.